சொந்தப் பெயரில் காபி ரோஸ்டர் விற்பது: யாரிடம், எந்த ஏற்பாட்டில் செய்யக் கொடுப்பது?

பெங்களூரில் சின்னச் சின்ன கஃபேக்களுக்குப் பச்சைக் கொட்டையும் வறுத்த காபியும் சப்ளை செய்கிறீர்கள். அதே வாடிக்கையாளர்களுக்கு 2 கிலோ, 5 கிலோ கேஸ் ரோஸ்டர்களை (கேஸில் காபிக் கொட்டை வறுக்கும் மெஷின்களை) உங்கள் பிராண்டு பெயரில் விற்க ஆசை. முதல் வருஷம் 20, 25 மெஷின் போகும் என்பது உங்கள் கணக்கு. சீனாவில் ரெடியாக இருக்கும் மாடலில் உங்கள் பெயரைப் போட்டு இறக்குவதா, பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேட்டரிடம் (தகடு வெட்டி, வெல்டிங் செய்து மெஷின் கட்டுபவர்) முழு மெஷினையும் ஒப்படைப்பதா, பாகங்களை வாங்கி நீங்களே அசெம்பிள் செய்வதா, எதில் லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். லாபக் கணக்கைவிட முந்திய கேள்வி ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கிறது. விற்று இரண்டு வருஷம் ஆன பிறகு ஜெயநகரில் ஒரு கடையில் சனிக்கிழமை காலையில் மெஷின் நின்றுபோகிறது. அந்த மெஷினுக்குள் என்ன பாகம், என்ன அளவு, எங்கே வாங்கியது என்று சொல்லக்கூடிய ஆள் யார்? அந்த விவரம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உண்மையில் உற்பத்தியாளர். பெயர்ப்பலகையில் உங்கள் பெயர், விவரம் அவர் கையில் என்றால் நீங்கள் டீலர் மட்டுமே, அதுவும் உற்பத்தியாளரின் பொறுப்போடு.

பொறுப்பு என்று சும்மா சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உற்பத்தியாளர் யார் என்ற வரையறையில், வேறொருவர் செய்த பொருளில் தன் அடையாளத்தைப் போடுகிறவரும் வருகிறார். வியாபாரத்துக்காக வாங்குகிறவர் பொதுவாக அந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்குகிறவருக்கு விலக்கு உண்டு, ஒற்றை ஆளாக நடத்தும் கஃபே முதலாளி அதற்குள் வந்துவிடலாம். கேஸ் பர்னர் உள்ள மெஷின் இது. ‘நான் ஸ்டிக்கர் மட்டும்தான் ஒட்டினேன்’ என்ற பதில் எங்கேயும் எடுபடாது.

முதலில் உங்களிடம் வந்த கொட்டேஷன்களைச் சலிக்க இரண்டு கணக்கு. 5 கிலோ பச்சைக் கொட்டை ஏறக்குறைய 7 லிட்டர் இடம் பிடிக்கும், வறுத்து உப்பியதும் 11, 12 லிட்டர் ஆகும். கொட்டை புரண்டு விழ இடம் வேண்டும் என்பதால், கொட்டையைச் சுழற்றும் உருளையான டிரம் 30 லிட்டருக்குக் குறையக் கூடாது. உள்விட்டம் 35 செ.மீ., நீளம் 40 செ.மீ. இருந்தால் 38 லிட்டர் வரும், சரியான அளவு. அடுத்தது வெப்பம். 5 கிலோ கொட்டையை 12 நிமிஷத்தில் வறுக்க, ஈரத்தை ஆவியாக்குவதையும் சேர்த்து, கொட்டைக்குள் போய்ச் சேர வேண்டியது மட்டும் ஏறக்குறைய 4 கிலோவாட். கேஸ் டிரம் ரோஸ்டரில் எரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் கொட்டைக்குப் போகும் என்று வைத்தால் பர்னர் 12 முதல் 15 கிலோவாட் வேண்டும், முழுத் தீயில் மணிக்கு ஒரு கிலோ எல்.பி.ஜி. ‘5 கிலோ மெஷின், 6 கிலோவாட் பர்னர்’ என்று எழுதியிருந்தால் அது 5 கிலோவை வறுக்கும்தான், 20 நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, ருசியைச் சப்பென்று ஆக்கி. உண்மையில் அது இரண்டரை கிலோ மெஷின். இந்த இரண்டு எண்ணையும் கேட்டு உடனே பதில் வராத இடத்தில் மேற்கொண்டு விலை பேச வேண்டாம்.

இனி ஏற்பாடுகள். ரெடி மாடலில் பெயர் மாற்றுவது வேகமானது, முதலீடு குறைவு, ஒன்றிரண்டு மெஷின் கூடக் கொடுப்பார்கள். வழக்கமாக 30 சதவீதம் முன்பணம், மீதி 70 கப்பல் ஏற்றும் முன்பு. அதாவது மெஷினைத் தொட்டுப் பார்க்கும் முன்பே முழுப்பணமும் போய்விடும். அதனால் பேலன்ஸ் அனுப்பும் முன்பு அங்கேயே ஒரு மூன்றாம் ஆளை வைத்துச் சூடான நிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும், வீடியோவை மட்டும் நம்பக் கூடாது. இந்த வழியில் பெரிய தொல்லை தரத்தைவிடச் சொல்லாமல் மாற்றுவதில்தான். முதல் லாட்டில் ஒரு பிராண்டு கேஸ் வால்வு, இரண்டாவது லாட்டில் வேறு. முதல் லாட்டில் 3 மி.மீ. தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் சென்சார்), அடுத்ததில் 6 மி.மீ. இரண்டும் கே டைப் என்ற ஒரே வகை, இரண்டும் ‘சேம் சேம்’. ஆனால் தடிமனான சென்சார் வெப்பத்தைத் தாமதமாகக் காட்டும். பழைய மெஷினில் 196 டிகிரியில் ஃபர்ஸ்ட் கிராக் (கொட்டை முதலில் வெடிக்கும் சத்தம்) கேட்டுப் பழகிய கஃபே, உங்களிடமே இரண்டாவது மெஷின் வாங்கினால் அதே வெடிப்பு வேறு எண்ணில் வரும். பழைய ப்ரொஃபைல் (எந்த நிமிஷத்தில் எவ்வளவு சூடு என்ற வறுவல் திட்டம்) எதுவும் பொருந்தாது. மெஷினில் ‘பழுது’ எதுவும் இல்லை, ஆனால் வாடிக்கையாளர் போய்விட்டார்.

பீன்யா ஃபேப்ரிகேட்டரிடம் முழுதாக ஒப்படைப்பதிலும் இதே ஆபத்து வேறு உருவத்தில் வரும். டிரம்மையே எடுத்துக்கொள்வோம். 40 செ.மீ. நீள மைல்டு ஸ்டீல் டிரம் 200 டிகிரி சூடேறினால் நீளவாக்கில் ஏறக்குறைய 1 மி.மீ. வளரும். முன்பக்க ப்ளேட்டைத் தாங்கும் பாடி அவ்வளவு சூடாகாது, அதனால் அந்த வளர்ச்சிக்கு இடம் விட்டு, குளிர்ந்த நிலையில் டிரம்முக்கும் ப்ளேட்டுக்கும் நடுவே 1.2 மி.மீ. இடைவெளி வைத்து டிராயிங் போடுகிறீர்கள். மூன்றாவது லாட்டில் ஃபேப்ரிகேட்டர் உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் டிரம் செய்துவிடுகிறார். அது ஏறக்குறைய 1.4 மி.மீ. வளரும். குளிரில் கையால் சுற்றினால் பட்டுப்போல் சுற்றும். சூடேறி இருபது நிமிஷத்தில் உரசும் சத்தம், மோட்டார் கரண்ட் ஏறும், வறுத்த கொட்டையில் கறுப்பாக இரும்புத்தூள். சரி என்று இடைவெளியை 2.5 மி.மீ. ஆக்கினால் உடைந்த கொட்டை அதில் மாட்டிக் கருகி அடுத்த பேட்சுக்குப் புகை வாசனை கொடுக்கும். ஃபேப்ரிகேட்டர் ஏமாற்றவில்லை, விலை கூடின பொருளைத்தான் போட்டார். எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பொருளும், எந்த அளவும், எந்த மேக்கும் (தயாரிப்பு நிறுவனமும்) மாறக் கூடாது என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லாததுதான் கோளாறு.

விலை குறைந்த பொருளைப் போடுகிறவர்களும் உண்டு. 304 என்று சொல்லி மலிவான 202 ரகத் தகடு வருவது சகஜம். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண் வேலை, இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது. 202இல் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம், அதை எக்ஸ்ரே கன் வைத்துச் சில நொடியில் காட்டிவிடலாம், சோதனைக் கூடங்களில் செய்து தருவார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் தகட்டு ஆலை தரும் மில் சர்டிஃபிகேட் கேட்டு, தகட்டில் உள்ள ஹீட் நம்பரோடு (எந்த உருக்குத் தொகுதி என்ற எண்) ஒத்துப் பாருங்கள். கொட்டை படும் வழியில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம். வெளியே பவுடர் கோட்டிங் நன்றாக இருக்கும், ஆனால் பர்னர் பெட்டியை ஒட்டி 150 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடாகும் இடத்தில் மஞ்சளாகி உரியும், அங்கே சிலிகான் வகை ஹீட் ரெசிஸ்டன்ட் பெயின்ட்தான். வார்ப்பிரும்பு டிரம்மா ஸ்டீல் டிரம்மா, எதில் ருசி என்று பக்கம் பக்கமாகச் சண்டை நடக்கிறது. அதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கனமான டிரம் சூட்டைப் பிடித்து வைக்கும், மெதுவாக மாறும். ருசி பற்றிய மற்ற பேச்சை விற்பனைப் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை நடுவழி. டிராயிங்கும் பாகப் பட்டியலும் உங்களுடையது. தகடு வெட்டு, வளைப்பு, வெல்டிங், டிரம், கோட்டிங் எல்லாம் ஃபேப்ரிகேட்டரிடம் ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குச் செய்து தருவது. கேஸ் லைன், மோட்டார் கியர்பாக்ஸ், பேரிங், சென்சார், கன்ட்ரோல் பேனல் ஆகியவற்றை நீங்கள் மேக், மாடல் நம்பர் குறித்து நேரடியாக வாங்குங்கள். கடைசி அசெம்பிளியும் சூடான சோதனையும் உங்கள் ஷெட்டில். வருஷத்துக்கு 20, 25 மெஷினுக்கு இது தாங்கும். அச்சு, டை போன்ற பெரிய டூலிங் செலவு தேவையில்லை, லேசர் கட்டிங்கும் தகடு வளைக்கும் பிரேக் பிரஸ்ஸும் போதும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சம்பளத்தில் ஒரு மெக்கானிக்கல் ஆள் வேண்டும், டிராயிங் படிக்கத் தெரிந்தவர், டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) பிடிக்கத் தெரிந்தவர். அப்படி ஒருவரை வைக்க இப்போது முடியாது என்றால் இந்த வழியைத் தொடாதீர்கள். அந்த நிலையில், ஏற்கெனவே தன் பெயரில் 5 கிலோ மெஷின் விற்றுக்கொண்டிருக்கும் ஒரு இந்தியத் தயாரிப்பாளரிடம் நாலைந்து மெஷின் உங்கள் பெயரில் வாங்கி விற்றுப் பாருங்கள். தூரத்து ஃபேக்டரியைவிட விலை கூடலாம், ஆனால் பேரிங் போனால் ஒரு நாளில் கைக்கு வரும். உங்கள் கொட்டேஷன்களைப் பார்க்காமல் மெஷினுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று என்னால் சொல்ல இயலாது. ஒப்பிடும்போது இறக்குமதி விலையோடு சரக்குக் கூலி, சுங்கம், கிடங்கு, வாரன்டிக்கு ஒதுக்கும் ஸ்பேர் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் விட்டுக்கொடுக்கக் கூடாதது கேஸ் லைன். கையால் மூடும் வால்வு, ஃபில்டர், ரெகுலேட்டர், வரிசையாக இரண்டு சோலனாய்டு வால்வு (கரண்ட் இருந்தால் மட்டும் திறப்பது), தீ எரிகிறதா என்று பார்க்கும் ஃப்ளேம் ராடுடன் கூடிய பர்னர் கன்ட்ரோலர், ப்ளோயர் ஓடாவிட்டால் கேஸைத் திறக்க விடாத ஏர் பிரஷர் ஸ்விட்ச், தனி ஓவர் டெம்பரேச்சர் கட். இரண்டு சோலனாய்டு ஏன் என்றால் ஒன்று தூசியில் சிக்கித் திறந்தே நின்றாலும் மற்றது மூட வேண்டும். விலை குறைக்க முதலில் கை வைக்கிற இடம் இதுதான். இன்னொன்று நம் ஊர்க் கரண்ட். பேட்சின் பத்தாவது நிமிஷத்தில் கரண்ட் போனால் கேஸ் மூடிக்கொள்ளும், சரி. டிரம் நின்றுவிடும், அதுதான் வம்பு. உள்ளே 200 டிகிரியில் கிடக்கும் கொட்டை அசையாமல் நின்றால் கருகித் தீப்பிடிக்கலாம். டிரம்மைக் கையால் சுற்றிக் கொட்டையை வெளியே தள்ள ஒரு ஹேண்டில், அல்லது டிரம் மோட்டாருக்கும் கூலிங் ட்ரேக்கும் மட்டும் ஒரு இன்வெர்ட்டர் லைன் கட்டாயம். வெளிநாட்டு ரெடி மாடலில் இதைக் கேட்டால் அவர்களுக்குப் புரிய வைப்பதற்கே ஒரு வாரம் ஆகும்.

கேஸ் எது என்பதையும் ஆர்டரில் எழுதுங்கள். எல்.பி.ஜி.க்கும் குழாய் வழி இயற்கை எரிவாயுவுக்கும் பர்னரில் கேஸ் வரும் ஜெட் துளை வேறு. பெங்களூரில் இப்போது இரண்டுமே இருக்கிறது. இரண்டு ஜெட் செட்டும் மெஷினோடு கொடுத்துவிடுவது நல்லது, மாற்றும்போது எந்த அழுத்தத்தில் ஓட வேண்டும் என்ற எண்ணும் பெயர்ப்பலகையில் இருக்கட்டும். உயரத்தையும் மறக்காதீர்கள். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டரைத் தாண்டி இருக்கிறது, காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. பீன்யாவில், காற்றுப் போக்கைக் கட்டுப்படுத்தும் டேம்பரைச் செட் செய்து அனுப்பிய மெஷின் சென்னையில் அதே ப்ளோயர் வேகத்தில் அதிகக் காற்றை இழுக்கும், வறுவல் வளைவு மாறும். இன்ஸ்டாலேஷன் என்றால் ப்ளக் செருகிவிட்டு வருவது என்று நினைக்கும் ஆளை அனுப்பினால் முதல் வாரமே புகார் வரும்.

பேனலில் சில விஷயங்கள். பி.எல்.சி. (மெஷினை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) புரோகிராமின் சோர்ஸும் பாஸ்வேர்டும் உங்களிடம் வர வேண்டும். செட்டிங் மாற்றக்கூட ஃபேக்டரியைக் கெஞ்சும் நிலைமையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். மாட்பஸ் என்ற தகவல் இணைப்பு வழியாக வெப்பநிலை வெளியே வரட்டும், அப்போதுதான் ஆர்ட்டிசான் போன்ற இலவச மென்பொருளில் கஃபேக்காரர்கள் பதிவு செய்ய முடியும். இன்று இதைக் கேட்காத வாடிக்கையாளர் அபூர்வம். சிங்கிள் பேஸ் கடைகளே அதிகம், எனவே 230 வோல்ட்டில் ஓடும் வி.எஃப்.டி.யும் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) டெல்டா இணைப்பில் மோட்டாரும் போட்டுக்கொள்ளுங்கள்.

காகித வேலைக்கு வருவோம், பலர் தூங்கும் இடம். டிராயிங்கை ஃபேப்ரிகேட்டரின் ஆளே போட்டுக் கொடுத்தால், நீங்கள் பணம் கொடுத்திருந்தாலும், எழுத்தில் உரிமை மாற்றம் இல்லாதவரை பதிப்புரிமை பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கும். மாற்றிக் கொடுக்கும் ஆவணத்தில் காலமும் இடமும் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருஷத்துக்கு, இந்தியாவுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘முழுக்காலமும், உலகம் முழுவதும்’ என்று எழுதுங்கள். வார்ப்புப் பேட்டர்னோ (வார்ப்புக்கான மாதிரி) ஜிக்கோ (பாகங்களைப் பிடித்து வைக்கும் தாங்கி) உங்கள் பணத்தில் செய்தால் அதன் மேலேயே உங்கள் பெயரைப் பொறித்துவிடுங்கள். ஃபேப்ரிகேட்டர் இதே மெஷினை இன்னொருவருக்கு விற்கக் கூடாது என்று எழுதலாம், ஆனால் உள்ளே இருக்கும் டிரம்முக்கு அது நடைமுறையில் நிற்காது. வெளித்தோற்றத்தை டிசைன் சட்டத்தில் பதிவு செய்தால் அதற்குப் பலம் உண்டு, 10 வருஷம், பிறகு 5 நீட்டிப்பு. அதுவும் படத்தை இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன்பு விண்ணப்பித்தால்தான். வெளிநாட்டு மெஷின் ஒன்றின் போட்டோவைக் காட்டி ‘இதே மாதிரி’ என்று செய்யச் சொல்வது எல்லா வகையிலும் மோசமான தொடக்கம், அந்த டிசைன் இங்கே பதிவாகியிருந்தால் வழக்கும் சேர்ந்து வரும். பிராண்டு பெயர்ப் பதிவில் ஒரு சின்னப் பொறி, பதிவு பொருள் வகுப்பு வாரியாகத்தான்: காபி ரோஸ்டர் 11ஆம் வகுப்பு, மின் கிரைண்டர் 7ஆம் வகுப்பு, காபித்தூள் 30. உங்களிடம் காபிக்கு 30 மட்டும் இருந்தால் மெஷினுக்கு அது நேரடியாகப் போதாது.

ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும் பாகங்கள் ஜி.எஸ்.டி. சட்டப்படி ஒரு வருஷத்துக்குள் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகும். ஜிக், அச்சு, டை போன்றவற்றுக்கு அந்தக் கெடு இல்லை. ஒசூரில் மலிவாகக் கிடைக்கிறது என்று அங்கே அனுப்பினால் மாநில எல்லை தாண்டுகிறது, மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஈ-வே பில் வேண்டும். ஃபேப்ரிகேட்டர் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றிருந்தால் பணம் 45 நாளுக்குள் போயாக வேண்டும், ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதிக்கொண்டாலும் செல்லாது. மெஷின் விற்ற பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பதோடு இதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

முதல் மெஷினை எப்படி ஏற்றுக்கொள்வது என்பதை ஆர்டரோடு எழுதிக் கொடுங்கள், பின்னால் பேசினால் சண்டை. குளிரில் டிரம் ரன் அவுட் (சுற்றும்போது ஆடும் அளவு) டயல் கேஜில் எவ்வளவு, கேஸ் லைனை அழுத்தத்தில் நிறுத்தி வைத்தால் அழுத்தம் இறங்குகிறதா, எர்த் தொடர்ச்சி, மெகர் கருவியில் இன்சுலேஷன் அளவு. பிறகு சூட்டில்: பழைய கொட்டை வாங்கி முழு 5 கிலோவாக, இடைவெளி இல்லாமல், குறைந்தது ஆறு பேட்ச். முதல் பேட்ச் யாருக்கும் நன்றாக வரும், ஐந்தாவதும் ஆறாவதும் முதலோடு எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் மெஷின். ஒவ்வொரு முறையும் வறுத்த கொட்டை நான்கு நிமிஷத்துக்குள் கையால் தொடும் சூட்டுக்கு ஆற வேண்டும். தீயை வேண்டுமென்றே அணைத்து வால்வு எத்தனை நொடியில் மூடுகிறது என்று பாருங்கள், மெயின் ஸ்விட்சையும் ஒருமுறை நடுவில் அணைத்துப் பாருங்கள். ஆறு பேட்ச் முடிந்ததும் சூட்டோடு டிரம் இடைவெளியை மறுபடி அளந்து, முன் பேரிங்கில் கிரீஸ் உருகி வழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சாதா கிரீஸும் சாதா கிளியரன்ஸ் பேரிங்கும் போட்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும், ஹை டெம்பரேச்சர் கிரீஸ், சி3 அல்லது சி4 (கூடுதல் கிளியரன்ஸ்) பேரிங் என்று பட்டியலில் எழுதியிருக்க வேண்டும்.

பணத்தை முன்பணம், அசெம்பிளிக்கு முன், சோதனை முடிந்த பின் என்று பிரித்து, ஒரு பத்து சதவீதத்தை மூன்று மாதம் கையில் வைத்துக்கொள்ளக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாத ஃபேப்ரிகேட்டரிடம் பத்துக்குப் பதில் ஐந்துக்காவது பேசுங்கள், அதோடு ஸ்பேர் விலைப்பட்டியலை ஐந்து வருஷத்துக்கு எழுதி வாங்குங்கள். இக்னிஷன் எலக்ட்ரோடு, ஃப்ளேம் ராடு, தெர்மோகப்பிள், சோலனாய்டு காயில், முன் பேரிங், கூலிங் ட்ரே கியர் மோட்டார் ஆகிய ஆறும், விற்கும் ஒவ்வொரு ஐந்து மெஷினுக்கும் ஒரு செட் வீதம் உங்கள் கடை அலமாரியில் இருக்கட்டும்.